மொய் எழுத முடியாத ஆண்கள்

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தங்கத்தின் எடையில் தொடங்குவது வழக்கம். நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் அதிகம். 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவரப்பட்ட மின்சாரம். எல்லாம் உண்மை. பேச்சுப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நானே இவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இங்கே எழுத நினைப்பது வேறு. அந்தச் சுரங்கம் ஆண்களை எப்படி ஒருவரோடு ஒருவர் சேர்த்துக் கட்டியது, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி அது மூடப்பட்டபின் அந்தக் கட்டு எப்படி அவிழ்ந்தது, அவிழ்ந்த பிறகு அவர்களில் சிலருக்கு உயிரோடு இருப்பதே ஏன் பாரமானது என்பதை எழுத வேண்டும். நான் மாரிகுப்பத்து லைன் வீட்டில் பிறந்தவள். ஆண்டர்சன்பேட்டையில் தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கொள்ளுத்தாத்தா தொடங்கி என் தம்பி வரை எங்கள் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் பூமிக்கு அடியில் வேலை செய்தவர்கள்.

கொள்ளுத்தாத்தாவின் ஊர் குடியாத்தம் பக்கம். 1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் வட ஆற்காட்டின் சேரிகளைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. பிழைத்தவர்களுக்கும் அடுத்த போகம் யாருடைய நிலத்தில், எந்த அடிமைத்தனத்தில் என்பதுதான் கேள்வி. 1880ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கோலாரில் சுரங்கத்தைக் கையில் எடுத்தபோது, ஆள் பிடிக்க மேஸ்திரிகள் முன்பணத்தோடு இந்த ஊர்களுக்குத்தான் வந்தார்கள். பௌரிங்பேட்டையிலிருந்து, இன்றைய பங்காருப்பேட்டைதான் அது, மாரிகுப்பம் வரைக்கும் ரயில் வந்தது 1894ல். அதற்கு முன் வந்தவர்கள் மலைப்பாதையில் நடந்து வந்தவர்கள். பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித்துகள். சித்தூர், கடப்பைப் பக்கத்துத் தெலுங்கர்களும் வந்தார்கள். கார்ன்வாலிலிருந்து வெள்ளைக்காரச் சுரங்கக்காரர்கள், இத்தாலியர்கள், காவலுக்குப் பஞ்சாபிகள் என்று அந்தக் காலத்திலேயே இது பல ஊர் ஆட்கள் கலந்த இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே வேலை செய்தார்கள்.

ஊரில் பண்ணையாள். இங்கே வார சம்பளக்காரர். அந்த ஒரு மாற்றத்துக்காக எதையும் தாங்கிக்கொள்ள அந்தத் தலைமுறை தயாராக இருந்தது. மூங்கில் தட்டிக் குடிசைகளை அருகருகே நெருக்கிக் கட்டி, வரிசைக்கு ஒரு பெயர் வைத்து, லைன் என்றார்கள். வேலைக்கு எழுப்புவதற்கும் வேலை முடிப்பதற்கும் சங்கு. அந்தச் சங்கை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தார்கள், குழந்தைக்குப் பால் கொடுத்தார்கள். பள்ளிக்குக் கிளம்புவதும் அதை வைத்துத்தான்.

கீழே வேலை எப்படி இருந்தது என்பதை அப்பா அதிகம் சொன்னதில்லை. ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில், கேஜ் என்கிற கூண்டில் நின்று இறங்க வேண்டும். ஆழம் போகப்போகப் பாறையே சுடும். அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. குளிர்ந்த காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் அங்கே மனிதன் நிற்க முடியும். அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறுவதை இங்குள்ளவர்கள் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீட்டில் பாத்திரம் அதிரும். அதிர்ந்ததும் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். மேலே வருகிற ஒவ்வொரு கூண்டிலும் தம் வீட்டு ஆளைத் தேடுவார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் பக்கத்தில் நிற்கிறவன்தான் உயிர். முட்டுக்கொடுக்கும் மரத்தைச் சரியாக வைக்கிறானா, பாறை முனகுவதைக் கேட்டுக் கத்துகிறானா என்பதில்தான் வீடு திரும்புவது இருக்கிறது. தம்பி டிம்பர்மேன். அவனோடு ஜோடி சேர்ந்த ஆளும் அவனும் பேசிக்கொள்வதே குறைவு. பேச அவசியமில்லாத நெருக்கம் அது. என் அப்பாவுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். பண்டிகைக்குத் துணி எடுத்தால் அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான். ஆண்கள் நட்பைப் பேச்சால் வளர்ப்பதில்லை, ஒரு வேலையைச் சேர்ந்து செய்வதால் வளர்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வேலை போய்விட்டால் அந்த நட்பை எங்கே உட்கார்ந்து தொடர்வது என்று அவர்களுக்குத் தெரியாது.

வேலைக்கு வெளியேயும் அவர்கள் கட்டியவை உண்டு. இதை நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் இதுதான் உரைகல்.

பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு 1907லேயே மாரிகுப்பத்தில் கிளை வந்துவிட்டது. கூண்டிலிருந்து ஏறி வந்து, உடம்பைக் கழுவிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். 1914ல் பண்டிதர் மறைந்தபின் அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் தடுமாறியது. 1926ல் தங்கவயலிலிருந்தே அதை மறுபடி கொண்டுவந்தார் ஜி. அப்பாதுரையார். இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கி அச்சிட்டது. தமிழ்நாட்டில் பலரும் அவரை மறந்திருந்த காலத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் காசில் அச்சேறிய பிரதிகள் அவரைக் காப்பாற்றி வைத்திருந்தன. என் வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கம்பெனி கொடுத்த கிளப்பில் இவர்களுக்கு இடம் கிடையாது. இடத்தை இவர்களே கட்டிக்கொண்டார்கள். பிரார்த்தனைக் கூடங்கள், இரவுப் பள்ளிகள், ஃபுட்பால் அணிகள் என்று லைனுக்கு லைன் ஏதாவது ஒன்று இருந்தது.

1930ல் ஆட்களைப் பதிவு செய்து கைரேகை எடுக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தபோது, அறியப்பட்ட சங்கமோ தலைவரோ இல்லாமலே ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். திருடனைப் போல ரேகை வைக்க மாட்டோம் என்பதுதான் வாதம். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1946 நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு இன்றும் அஞ்சலி செலுத்துகிறோம். இந்த ஊரின் ஆண்கள் ஒன்றுசேரத் தெரியாதவர்கள் அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரிவு ஒரே நாளில் வரவில்லை. 1956ல் மைசூர் அரசு, 1962ல் மத்திய அரசு, 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று உரிமை கைமாறியது. தோண்டும் செலவு ஏறியது, கல்லில் தங்கம் குறைந்தது. நுரையீரலில் கல்தூசி படியும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக 1934ல் இங்கேதான் பதிவானது. அதன்பின் வந்த ஒவ்வொரு தலைமுறையும் இருமிக்கொண்டே ஓய்வு பெற்றது. 1980களில் லைன் வீடுகளில் பேச்சு ஒன்றுதான்: பையனை மைன்ஸில் சேர்க்காதே, படிக்க வை. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்த தம்பி போன்றவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்களுக்குத் தெரிந்த கலை, பூமிக்கு அடியில் மரத்தை நிறுத்துவது. மேலே அதற்கு விலை இல்லை.

மூடியபின் மூன்று விதமாக ஊர் பிரிந்தது. இளைஞர்கள் ரயில் ஏறினார்கள். மாரிகுப்பத்திலிருந்து விடியலுக்கு முன்பே கிளம்பும் வண்டிகளில் ஏறி, பெங்களூரில் காவலாளியாக, எலெக்ட்ரீஷியனாக, கட்டட வேலைக்காரராக உழைத்து, இரவு திரும்புகிற வாழ்க்கை. அது அன்று முதல் இன்று வரை தொடர்கிறது. பெண்கள் கார்மென்ட்ஸுக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள், போகாதவர்கள் ஊதுவத்தி உருட்டினார்கள். மூன்றாவது கூட்டம், நாற்பதைக் கடந்த ஆண்கள். வேலை தேடிப் போனால் வயது அதிகம். ஓய்வு என்று சொல்லிக்கொள்ள வயது போதாது.

தம்பிக்கு அப்போது நாற்பத்து மூன்று. சங்கு நின்ற பிறகும் முதல் ஷிஃப்டு நேரத்துக்கு எழுந்தான். முகம் கழுவி, சட்டை போட்டு, ஷாஃப்ட் வரை நடந்து திரும்புவான். இவனைப் போலப் பலர் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். ஆரம்பத்தில் நஷ்டஈடு, கோர்ட்டு, மறுபடி திறப்பார்களா என்று பேச விஷயம் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கூட்டம் கரைந்தது. கடைசியில் அவனும் போவதை நிறுத்தினான்.

அப்புறம் டீக்கடையை நிறுத்தினான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. எங்கள் டீக்கடையில் யாரும் தன் டீக்கு மட்டும் காசு கொடுக்க மாட்டார்கள். இன்று நீ, நாளை நான். நாளைய முறைக்குக் காசில்லாதவன் இன்றைய டீயைக் குடிக்க மாட்டான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் கூப்பிடுவார்கள். “சாப்டுட்டு வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே அவன் கடந்து போவான். அடுத்து, கல்யாணங்கள். பத்திரிகை வரும். போனால் மொய் எழுத வேண்டும். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் எழுதியது நோட்டில் இருக்கிறது. அதைவிடக் குறைத்து எழுதினால் மைக்கில் பெயரோடு வாசிப்பார்கள். அதனால் அவன் மனைவி மட்டும் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். அவனைப் பற்றிக் கேட்டால் உடம்பு சரியில்லை என்பாள். இப்படி ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டே வந்து, நூறு வீட்டு லைனில், பிறந்து வளர்ந்த மண்ணில், ஒரு மனிதன் தனியாளாகிவிட்டான். அவனை யாரும் ஒதுக்கவில்லை. ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் நம் பழக்கத்தில், கொடுக்க முடியாதவன் தன்னையே ஒதுக்கிக்கொண்டான்.

பெண்களுக்கும் அதே வறுமைதான், இன்னும் கூடுதலாகவே. ஆனால் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் “அரிசி இல்லடி” என்று சொல்ல முடிந்தது. அவர்களுக்கு வீட்டில் வேலை நிற்கவே இல்லை. என் தம்பி அந்த வார்த்தையை யாரிடம் சொல்வான்? மனைவி சம்பாதித்து வந்த பணத்தை அவள் அலமாரியில் வைப்பாள், அவன் எடுக்கமாட்டான், அவளாகக் கொடுத்தால் வாங்கவும் மாட்டான். ஒருநாள் கேட்டேன். “நா இன்னாக்கா செய்யறேன் இந்த வூட்ல? சோறு துன்றேன், அவ்ளோதான்” என்றான். அந்த வாக்கியத்தைக் கேட்ட நாள்முதல் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குத் தான் பாரம் என்று ஒருவர் நம்பத் தொடங்குவது ஆபத்தின் முக்கியமான அடையாளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப்போனபோது மரியன்தால் என்ற ஊரைப் பற்றிப் படித்தேன். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு நெசவாலையை நம்பி இருந்த குடியிருப்பு. பொருளாதார வீழ்ச்சியில் 1929, 30ல் ஆலை மூடியது. இருந்த 478 குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் சம்பாதிக்க ஒருவரும் இல்லை. 1931 இறுதியில் மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கே சென்றது. நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் போகவில்லை. உடுத்தத் துணி சேகரித்துக் கொண்டுபோனார்கள், இலவச மருத்துவம் நடத்தினார்கள், அதன் வழியாகத்தான் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் கண்டது எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. நேரம் கிடைத்தவர்கள் படிப்பார்கள், அரசியல் பேசுவார்கள் என்று நினைத்திருந்தார்கள். நூலகத்தில் கட்டணமே இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட புத்தகங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. தெருவில் நடப்பவர்களை ஒளிந்திருந்து கவனித்தபோது, பெண்கள் வேகமாக நடந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று ஆண்களைக் கேட்டால், எழுந்தது, சாப்பிட்டது, தூங்கப் போனது தவிர ஒன்றும் நினைவில் இல்லை.

எங்கள் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் நான் பார்த்த நடை அதுதான். எழுபது ஆண்டு இடைவெளி, வேறு மொழி, வேறு தட்பவெப்பம், அதே நடை. சம்பளம் தவிர வேலை என்னென்ன தருகிறது என்பதை யஹோதா 1982ல் ஒரு நூலில் தெளிவாகச் சொன்னார். நாளுக்கு ஒரு வடிவம், வீட்டுக்கு வெளியே மனிதர்களோடு உறவு, பலரோடு சேர்ந்து ஒரு காரியம், ஊரில் ஒரு பெயர், கை ஓயாமல் இருக்கும் நிலை. எங்கள் ஊரின் ஆண்களுக்கு இவை ஐந்தையும் ஒரே ஒரு ஷாஃப்ட் கொடுத்தது. மூடியதும் ஐந்தும் சேர்ந்து போயின.

எங்கள் லைனில் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். டிரில் பிடித்தவர், நல்ல பாட்டுக்காரர். எப்படி நடந்தது என்பதை எழுதப்போவதில்லை, அதை எழுதுவதால் யாருக்கும் நன்மை இல்லை. குடியால் செத்தார் என்று ஊர் சொன்னது. குடித்தது உண்மை. ஆனால் மூடிய பிறகுதான் தனியாகக் குடிக்கத் தொடங்கினார், அதற்குமுன் கூட்டத்தோடு குடித்துவிட்டுப் பாடிக்கொண்டு வருவார். கடன் இருந்தது, இருமல் இருந்தது, தூக்கமில்லாமல் இருந்தார், ஒரு மருத்துவரிடமும் போகவில்லை. எந்தத் தற்கொலைக்கும் காரணம் ஒன்று மட்டும் அல்ல என்கிறார்கள் இந்தத் துறையில் உழைப்பவர்கள். அவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அது உண்மை என்று படுகிறது. காரணங்கள் பல என்றால், தடுக்கக்கூடிய இடங்களும் பல. கடன்காரன் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். யாராவது கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்கலாம். பாடச் சொல்லி ஒருவர் கூப்பிட்டிருக்கலாம். அந்த ஒன்றிரண்டு வாசல்கள் திறந்திருந்தால் அவர் இன்று உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாட்டுக் கணக்கு இதில் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவில் 2022ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் 1,22,724 பேர் ஆண்கள். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலிகள். ‘குடும்பப் பிரச்சினை’ என்று காவல் நிலையத்தில் எழுதப்படுகிற பல சாவுகளுக்குள் ஒரு மூடிய தொழிற்கூடமோ நின்றுபோன சம்பளமோ இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க அந்த அட்டவணையில் வழியில்லை.

தம்பி மீண்டது என் புத்திசாலித்தனத்தால் அல்ல. நான் கொடுத்த பணத்தை அவன் தொடவில்லை, நான் சொன்ன ஆறுதல் அவனை இன்னும் சிறுமைப்படுத்தியது. வந்தவர் அவனுடைய பழைய ஜோடி. தினமும் காலையில் வந்து திண்ணையில் உட்காருவார். எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டார். இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், கீழே இருந்ததைப் போலவே. கொஞ்ச நாள் கழித்து ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் லைனில் சாவு விழுந்தால் வீட்டுக்கு இருபது ரூபாய் வசூலித்து அடக்கத்துக்குக் கொடுக்கும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் கணக்கு எழுத ஆள் இல்லை, எனக்குக் கண் தெரியவில்லை, நீ எழுது என்றார். கண் நன்றாகத்தான் தெரிந்தது அவருக்கு.

கணக்கு எழுதுகிறவன் வீடு வீடாகப் போயாக வேண்டும். போகிற வீட்டில் அவன் எதையும் கொடுக்க வேண்டியதில்லை, ஊருக்காக வாங்க வேண்டும். கதவைத் தட்ட அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது. சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்க வேண்டியவனும் அவனே. அங்கே மொய் கேட்பவர் யாருமில்லை. தூக்கத்துக்கு மருந்து எழுதிய மருத்துவரிடம் அவனை அழைத்துப் போனவரும் அந்த ஜோடிதான். “எனக்கும் பாக்கணும், தொணைக்கு வா” என்று சொல்லி அழைத்துப் போனார். மருந்தும் தேவைப்பட்டது. நோட்டு மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.

தங்கவயலில் தப்பிப் பிழைத்த ஆண்களை எண்ணிப் பார்க்கிறேன். சங்கத்தின் பிரார்த்தனைக் கூடத்தைத் திறந்து பெருக்குகிறவர், பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறவர், சர்ச்சில் பாடுகிறவர், யூனியன் வழக்குக்காக இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறவர். நான் அறிந்த அளவில், சுரங்கம் கொடுக்காத, தொழிலாளர்களே கட்டிய இடங்களில் கால் வைத்திருந்தவர்கள்தான் பெரும்பாலும் தாக்குப்பிடித்தார்கள். 1907ல் அந்த விளக்கைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் தங்கள் கொள்ளுப்பேரன்களுக்கு இப்படி ஒரு பயனைச் செய்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆலையையோ சுரங்கத்தையோ மூடுகிற அரசுகள் தொகையைக் கணக்கிடுகின்றன. அந்தத் தொகையோடு கூட, அந்த ஆண்கள் நாளை காலை எங்கே போய் உட்காருவார்கள், யார் அவர்களைக் கூப்பிடுவார்கள் என்பதற்கும் ஒரு ஏற்பாடு எழுதப்பட வேண்டும். இதை நான் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் ரயில்கள் நின்றன. பெங்களூருக்குப் போய்வந்த தலைமுறை, எங்கள் பழைய மாணவர்கள், ஒரே நாளில் வீட்டில் உட்கார்ந்தார்கள். ரயில் பெட்டிதான் அவர்களுக்கு ஷிஃப்டு, டீக்கடை, சீட்டு, சிரிப்பு எல்லாம். தம்பி நோட்டில் புதிதாக ஒரு பக்கம் போட்டான். எந்த வீட்டுப் பையன் வெளியே தலைகாட்டவில்லை என்று பெயர் எழுதிக்கொண்டு, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, வாசலில் நின்று கூப்பிட்டான். “எனக்கு நோட்டு எழுத வரல, வந்து கூட்டிக் குடு” என்பான். அந்த இரண்டு வருடங்களில் வேலை இழந்து மிகவும் நொடிந்து போன ஒரு பையனைப் பல வாரம் விடாமல் போய்ப் பார்த்தான். பிறகு அரசு 14416 என்ற இலவச மனநல எண்ணைத் தொடங்கியபோது, தமிழிலும் பேசலாம் என்று தெரிந்துகொண்டு, அதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்தான். அந்தப் பையன் இப்போது மறுபடி ரயிலில் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் லைனின் கிழக்குப் பாதி வசூல் அவன் பொறுப்பு. இருபது ரூபாயை ஐம்பதாக உயர்த்த வேண்டும் என்று சொன்னதும் அவன்தான்.